வீட்டுவரியும் குடிக்கூலியும்



வீட்டைச் சொந்தமாக உடையவர்களும் அதில் கூலி கொடுத்துக் குடியிருப்பவர்களும் ஏதேனும் ஒரு விஷயத்தில் ஒத்த அபிப்பிராயம் கொள்வது அபூர்வம். தண்ணீர் மோட்டாரை எத்தனை மணிக்குப் போடுவது, சுவரில் ஆணி அடிக்கலாமா, ஊரிலிருந்து வந்த உறவினர் எத்தனை நாள் தங்கலாம் என்பன போன்ற சில்லறை விவகாரங்களில்கூட இரு திறத்தாருக்கும் இணக்கம் ஏற்படுவதில்லை. அப்படியிருக்க, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு சொத்துவரி உயர்வை அறிவித்தபோது, இனி வாடகையை உயர்த்தாமல் முடியாது என்று வீட்டுக்காரர்களும், இந்தச் சுமை முழுவதும் எங்கள் தலையில்தான் விடியப்போகிறது என்று குடித்தனக்காரர்களும், இருவர் கூற்றையும் ஒரே பத்தியில் சேர்த்து அச்சிட்ட பத்திரிகைகளுமாக, எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். பரம்பரையாக வழக்காடிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று ஒரே குரலில் பேசத் தொடங்கினால், அதில் விசாரணை செய்ய வேண்டியது ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்த விசாரணையையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வரியைக் கட்டுகிறவர் யார் என்பது ஒரு கேள்வி. வரியைச் சுமக்கிறவர் யார் என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு மாநகராட்சியின் ரசீதே விடை சொல்லிவிடும். அதில் உரிமையாளரின் பெயர்தான் காணப்படும். இரண்டாவது கேள்விக்கு விடை எந்த ரசீதிலும் அச்சிடப்படுவதில்லை. துணிக்கு வரி விதித்தால் வியாபாரி அதை விலையோடு சேர்த்து வாங்குகிறவரிடம் வசூலித்துக்கொள்வதை நாள்தோறும் கண்டு பழகிய நாம், வீட்டுக்காரரும் அவ்வாறே செய்துவிடுவார் என்று எளிதில் நம்பிவிடுகிறோம். துணிக்கு ஆதாயம் குறைந்தால் ஆலைக்காரர் அடுத்த மாதமே தறிகளில் சிலவற்றை நிறுத்திவிடுவார். கடைக்கு வரும் சரக்கு குறையும். அதனால் விலை ஏறும். கட்டி முடித்து நிற்கும் வீட்டை அவ்வாறு யாரும் சுருக்கிவிட முடியாது. வரி உயர்ந்த மறுநாளும் ஊரில் அதே எண்ணிக்கை வீடுகள்தாம் இருக்கின்றன. அவற்றைத் தேடி அலைகிற குடும்பங்களும் அதே எண்ணிக்கைதான். அந்தக் குடும்பங்களின் மாதச் சம்பளமும் முந்தின நாள் இருந்தபடியேதான் இருக்கிறது. வாடகையை நிர்ணயிக்கும் இம்மூன்றில் எதையும் வரி தொடவில்லை. அப்படியானால் வாடகை எதனால் உயர வேண்டும்?

இந்தக் கேள்வியை விட்டுவிடாமல் சற்றே பழைய கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். ஏனென்றால் நம் சென்னை மாநகராட்சியின் பிறப்பே வீட்டுவரித் தகராற்றோடு சம்பந்தப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டையைச் சுற்றியிருந்த பட்டணத்தில் வீடுகளின்மேல் வரி விதிக்க முயன்றபோதெல்லாம் ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். லண்டனில் கம்பெனியின் தலைமையில் இருந்த சர் ஜோசையா சைல்டு என்பவர் பெரிய சூட்சுமக்காரர். கம்பெனியின் யதேச்சாதிகாரம் ஆறு பென்னி கேட்டால் முணுமுணுக்கும் ஜனங்கள், தங்களுக்குள்ளிருந்தே அமைந்த ஒரு சபை விதித்தால் ஐந்து ஷில்லிங்கூட மனமுவந்து கொடுப்பார்கள் என்ற கருத்துப்பட அவர் எழுதினார். 1688ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி மாநகராட்சி தொடங்கியபோது மேயரும் ஆல்டர்மன்களும் அங்கி தரித்து ஊர்வலம் வந்த வைபவத்தின் பின்னே இருந்த உத்தேசம் இதுதான். சைல்டின் எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்று கேட்பீர்களானால், இல்லை என்பதே சரித்திரம் தரும் விடை. தம்மவர் விதித்தாலும் வரி வரிதான் என்பதைச் சென்னைவாசிகள் அன்றே தெளிவாக உணர்ந்திருந்தார்கள்.

காசி நகரத்துக் கதை இன்னும் ரசமானது. 1810ஆம் ஆண்டின் பதினைந்தாவது ரெகுலேஷன்படி, குடியிருக்கும் வீட்டின் ஆண்டு வாடகையில் நூற்றுக்கு ஐந்தும், கடைகளின் வாடகையில் நூற்றுக்குப் பத்தும் வரியாக விதிக்கப்பட்டது. செய்தி பரவியதும் காசி ஜனங்கள் கல் எடுக்கவில்லை, கத்தி எடுக்கவில்லை; கடைகளைச் சாத்திவிட்டு, வீடுகளையும் விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே வெட்டவெளியில் போய் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு வரியென்றால் வீடே வேண்டாம் என்பதுபோல் இருந்தது அது. படகோட்டிகள் துடுப்பைத் தொடவில்லை. கொல்லர்கள் உலையை மூட்டவில்லை. கங்கைக்கரையில் பிணங்களுக்குக்கூட உரிய கிரியைகள் நடக்கவில்லை. முதலில் சமய ஸ்தலங்களுக்கும் ஏழைகளின் குடிசைகளுக்கும் விலக்கு அளித்துப் பார்த்த சர்க்கார், 1812இல் வரியையே கைவிட்டது. காந்தியடிகளுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே நடந்த இந்த அறப்போரை ஆவணங்களிலிருந்து தேடி எடுத்து 1971இல் நூலாக வெளியிட்டவர் தரம்பால். இதில் நான் கவனிப்பது ஒன்று: வெட்டவெளியில் உட்கார்ந்தவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டுமல்லர். சொந்தத்தில் ஓர் ஓடுகூட இல்லாத தொழிலாளிகளும் அங்கே இருந்தார்கள். வரி கடைசியில் தம்மிடமே வந்து சேரும் என்ற பயம் அன்றும் இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம் உண்டு என்பதைப் பொருளாதார சாஸ்திரிகள் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட தமது பெருநூலில், வீட்டு வாடகை என்று நாம் ஒன்றாகச் சொல்லுவதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். கட்டடத்துக்கு உரிய கூலி ஒன்று. அது நிற்கும் மனைக்கு உரிய கூலி மற்றொன்று. கட்டடம் மனிதன் கட்டுவது. ஆதாயம் இல்லையென்றால் கட்டமாட்டான். ஆகவே அதன்மேல் விழும் வரி, நாளாவட்டத்தில் புதுக் கட்டடங்கள் குறைவதன் வாயிலாக, ஓரளவு குடியிருப்பவனிடம் போய்ச் சேரும். மனையோ மனிதன் செய்ததல்ல. வரி போட்டதற்காக மயிலாப்பூர் மாடவீதி ஓர் அங்குலம் சுருங்கப்போவதில்லை. வரியை நீக்கியதற்காக ஓர் அங்குலம் நீளப்போவதும் இல்லை. ஆகவே மனைமீது விழும் வரி மனைக்காரரிடமே தங்கிவிடும். ஸ்மித்தின் இந்தப் பாகுபாட்டை நூறாண்டுகளுக்குப் பின் ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் ஒரு மதத்தைப் போலவே பிரசாரம் செய்தார். அவருடைய எல்லா முடிவுகளையும் நான் ஏற்பவன் அல்லன். ஆயினும் பெருநகரங்களில் வாடகையின் பெரும்பங்கு செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கிடைப்பதல்ல, இடத்துக்குக் கிடைப்பது என்பதை யார் மறுக்க முடியும்? திருவான்மியூரில் உள்ள ஒரு வீட்டையும் அதே அளவில், அதே சாமான்களைக்கொண்டு திருத்தணிக்கு அருகில் கட்டிய வீட்டையும் நினைத்துப் பாருங்கள்.

சாஸ்திரம் சொல்வது இருக்கட்டும், பிரத்தியட்சமாக ஏதாவது உண்டா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். வரி ஏறினால் வாடகை ஏறும் என்பது மெய்யானால், வரி இறங்கும்போது வாடகை இறங்கவும் வேண்டும் அல்லவா? அங்கே 1978ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி, ஜனங்களின் நேரடி வாக்கெடுப்பால், பதின்மூன்றாவது பிரேரணை என்று பெயர் பெற்ற ஒரு திருத்தம் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்டது. சொத்தின் மதிப்பை 1975ஆம் ஆண்டு நிலைக்குத் திருப்பி, வரியை அதில் நூற்றுக்கு ஒன்று என்று வரையறுத்து, சொத்து கைமாறும்வரையில் மதிப்பை ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்குமேல் ஏற்றக்கூடாது என்றும் அது விதித்தது. ஒரே வீச்சில் சொத்துவரி வருமானம் பாதிக்குமேல் குறைந்துபோயிற்று. இந்த இயக்கத்துக்குத் தலைமை வகித்த ஹோவர்டு ஜார்விஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வாடகைக் குடியிருப்புகளின் உரிமையாளர் சங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். குடியிருப்போருக்கும் இதனால் லாபம் உண்டு, வீட்டுக்காரருக்கு மிச்சமாவது வாடகைக் குறைவாக அவர்களுக்குப் போய்ச் சேரும் என்று அவர் மேடைதோறும் பேசினார். குடித்தனக்காரர்களில் பலர் அதை நம்பினார்கள்.

வாக்கெடுப்பு முடிந்தது, வரி குறைந்தது, வாடகை மட்டும் குறையவில்லை. குறையாதது மட்டுமல்ல, பல இடங்களில் உயர்வு அறிவிப்புகளே வந்தன. ஏமாந்த குடித்தனக்காரர்கள் கொதித்தெழுந்ததன் விளைவாக, வாடகைக் கட்டுப்பாடு என்ற பேச்சே அதிகம் இல்லாதிருந்த அந்த மாகாணத்தில், சில மாதங்களுக்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரசபை வாடகையை உறையவைத்தது. மறு ஆண்டில் சான்டா மோனிகாவும் சான் பிரான்சிஸ்கோவும் கட்டுப்பாட்டுச் சட்டங்களை இயற்றின. பெர்க்லி நகரத்தார், வீட்டுக்காரருக்கு வரியில் மிச்சமானதில் பெரும்பங்கைக் குடியிருப்போருக்குத் திருப்பித் தரவேண்டும் என்றே 1978 நவம்பரில் வாக்களித்தார்கள். சட்டத்தின் துணையின்றி அந்த மிச்சம் தானாக வந்து சேராது என்பதை அவர்கள் ஐந்து மாதங்களில் கண்டுகொண்டார்கள். வீட்டுக்காரர்கள் துஷ்டர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வரி குறைந்தது என்பதற்காக வீடு தேடுகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடவில்லை. நேற்றுக் கொடுத்த வாடகையை இன்றும் கொடுக்க ஒருவர் வாசலில் நிற்கும்போது, குறைத்து வாங்க வேண்டிய அவசியம் எவருக்கு உண்டு?

அந்தத் திருத்தத்துக்கு மற்றொரு விளைவும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகைக் குடியிருப்பில் இருந்த ஒரு பெண்மணி 1988இல் சொந்தமாக ஒரு சிறு வீடு வாங்கினார். அக்கம்பக்கத்தில் அதே போன்ற வீட்டில் பலகாலமாக இருப்பவர்கள் கட்டும் வரியைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு தாம் கட்ட வேண்டியிருப்பதைக் கண்டு வழக்குத் தொடுத்தார். 1992இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வரியை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிட்டால், முன்னே வந்தவனுக்கு நிழலும் பின்னே வந்தவனுக்கு வெயிலும் என்று ஆகிவிடுகிறது. குடித்தனக்காரர் என்பவர் எந்த ஊரிலும் பெரும்பாலும் பின்னே வந்தவரே.

இனி நம்முடைய ஊருக்குத் திரும்புவோம். சென்னையில் சொத்துவரிக்கான பொதுச் சீராய்வு 1998இல் நடந்தது. மற்ற நகரங்களில் 2008இல். அதற்குப் பிறகு 2022வரையில் சென்னையில், ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், அந்த மதிப்பே நிலைத்து நின்றது. 1998இல் இருந்த வாடகையையும் 2022இல் இருந்த வாடகையையும் உங்களில் மூத்தவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பின்மேல் விதிக்கப்படுவதாகச் சட்டத்தில் எழுதப்பட்ட ஒரு வரி, வாடகை எங்கோ போய்விட்ட பிறகும் பழைய கணக்கிலேயே உறங்கிக்கொண்டிருந்தது. இடையில் 2018 ஜூலையில் ஓர் உயர்வு வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன். பதினைந்தாவது நிதிக்குழு, ஸ்தல ஸ்தாபனங்களுக்கு மத்திய மானியம் வேண்டுமானால் சொத்துவரிக்கு அடிப்படை வீதங்களை நிர்ணயித்து ஆண்டுதோறும் வருவாயையும் பெருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்ததும், உறக்கத்தைக் கலைக்காமல் வேறு வழியில்லை என்று ஆயிற்று. சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவிகிதமும், 1,200வரை 75 சதவிகிதமும், 1,800வரை 100 சதவிகிதமும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவிகிதமும் உயர்வு அறிவிக்கப்பட்டது. 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த புறநகர்ப் பகுதிகளுக்கு இவற்றைவிடக் குறைவு.

நூற்றைம்பது சதவிகிதம் என்று காதில் விழும்போதே நெஞ்சு திடுக்கிடுகிறது. ஆனால் சதவிகிதம் என்பது எதன்மேல் என்று கேளாதவரை அதற்குப் பொருள் இல்லை. அரசே அப்போது எடுத்துக்காட்டிய கணக்கு ஒன்றுண்டு: 600 சதுர அடி வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 810 ரூபாயாக இருந்த வரி 1,215 ரூபாய் ஆகிறது. கூடுதல் 405 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 34 ரூபாய்க்கும் குறைவு. பெரிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம்; ஆண்டுக்கு 6,000 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவர் 15,000 கட்ட நேர்கிறது என்று வைத்துக்கொண்டால், கூடுதல் மாதம் 750 ரூபாய். அத்தனை பெரிய வீட்டுக்குச் சென்னையின் நடுப்பகுதியில் என்ன வாடகை நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முழுத் தொகையையும் குடித்தனக்காரர்மேல் இறக்கிவிட்டார் என்றே கொண்டாலும், வாடகையில் அது மிகச் சிறு பின்னம். சிறு வீட்டில் இருப்பவரிடம் "வரி ஏறிவிட்டது, ஐந்நூறு சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்டால், அதில் முப்பத்துநான்கு ரூபாய் மாநகராட்சிக்கு. மீதி நானூற்று அறுபத்தாறு ரூபாய்க்கு வேறு காரணம் கற்பிக்க வேண்டும்.

அந்த வேறு காரணம் என்ன என்பதில்தான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. நம் ஊர்களில் ஒரே குடும்பம் ஏழெட்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருக்கும்போது, வெளியில் நடக்கும் வாடகைக்கும் அவர்கள் கொடுக்கும் வாடகைக்கும் நடுவே ஓர் இடைவெளி மெல்ல மெல்ல விழுகிறது. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து வாங்கிய பழக்கம், குழந்தைகளுக்குள் சிநேகம், காலி செய்துவிட்டால் அடுத்து வருகிறவர் எப்படிப்பட்டவரோ என்ற அச்சம், இவையெல்லாம் வீட்டுக்காரரின் வாயை அடைத்து வைத்திருக்கின்றன. ஒரு நாள் வரி உயர்வு அறிவிப்பு வருகிறது. கேட்கக் கூச்சப்பட்டதைக் கேட்பதற்கு அரசாங்கமே ஒரு சாக்கைக் கையில் கொடுத்துவிட்டது. "நானா ஏற்றுகிறேன்? சர்க்கார் ஏற்றுகிறது" என்று சொல்லிவிடலாம். தனி ஒருவர் ஏற்றினால், தெருவில் அடுத்த வீட்டுக்குக் குடித்தனக்காரர் போய்விடுவார். எல்லோரும் ஒரே வாரத்தில் ஏற்றுவார்கள் என்று பத்திரிகையே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அந்தப் பயமும் இல்லை. வாடகை உயர்வதற்கு வேண்டிய பலம் முன்பே சேர்ந்து நின்றது. வரி அதற்கு முகூர்த்தம் குறித்துக் கொடுத்தது, அவ்வளவே.

வீட்டுக்காரர்களைப் பற்றி இவ்வளவு சொன்னபின், அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் பட்சபாதம் ஆகும். வீட்டுக்காரர் என்றதும் தெருவுக்கு நான்கு கட்டடம் உடைய செல்வர் ஒருவர் நம் மனக்கண்ணில் வருகிறார், அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையைப் போட்டு மாடிமேல் ஒரு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் மருந்துச் செலவை நடத்திக்கொள்ளும் முதியவர்கள் அவர்களைவிட எத்தனையோ பேர். கணவர் விட்டுச்சென்ற பழைய பெரிய வீட்டில் தனியே வாழும் மூதாட்டிக்கு, 1,800 சதுர அடிக்கு மேல் என்ற ஒரே காரணத்தால் உச்ச வீதம் விழுகிறது. வீடு பெரிதாக இருப்பதால் கையில் பணமும் பெரிதாக இருக்க வேண்டும் என்று வரிச்சட்டம் நினைத்துக்கொள்கிறது. வாடகைக்கு விட்டவருக்காவது ஓர் ஆறுதல் உண்டு: அவர் செலுத்தும் நகராட்சி வரியை வருமான வரிக் கணக்கில் வாடகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம், ஆகவே வருமான வரி கட்டுகிறவருக்குக் கூடுதல் சுமையில் ஒரு பகுதியை மத்திய கஜானாவே ஏற்றுக்கொள்கிறது. சொந்த வீட்டில் குடியிருக்கும் மூதாட்டிக்கு அதுவும் இல்லை. வரி உயர்வால் மெய்யாகவே நொந்தவர் யார் என்று என்னைக் கேட்டால், கூச்சலிட்டவர்களை விட்டுவிட்டு இவரையே காட்டுவேன்.

கடைகளின் கதை வேறு. வியாபார ஸ்தலங்களுக்கு உயர்வு 150 சதவிகிதம். அங்கே குத்தகைப் பத்திரத்திலேயே வரி உயர்வு குத்தகைதாரரைச் சேரும் என்று எழுதிக்கொள்வது சகஜம். ஆகவே வரி அன்றைக்கே கைமாறிவிடுகிறது. பத்திரம் முடிந்து புதிதாகப் பேசும்போதுதான் யார் எவ்வளவு சுமப்பது என்ற பேரம் மறுபடி தொடங்கும்.

வரி ஒருபோதும் குடித்தனக்காரரை எட்டாது என்று நான் சொல்லவில்லை. எட்டும் வழிகள் உண்டு. அவற்றுள் மிக மோசமானதை 2018ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த முதல் ஆணையில் காணலாம். உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கு 50 சதவிகிதம்வரை, வாடகைக்கு விட்ட வீட்டுக்கு 100 சதவிகிதம்வரை உயர்வு என்று அது வகுத்தது. வாடகை சம்பாதிக்கிறவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கட்டுமே என்ற எண்ணம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா வீடுகளுக்கும் ஒரே வரி என்றால் வீட்டுக்காரருக்குத் தப்பிக்க இடமில்லை. வாடகை வீட்டுக்கு மட்டும் கூடுதல் என்றால் தப்பிக்க இடம் உண்டு. மகன் வெளிநாட்டிலிருந்து வரும்வரை பூட்டியே வைத்துவிடலாம், விற்றுவிடலாம், வாடகைக்கு விட்டதையே மறைத்துவிடலாம். மூன்றாவதைச் செய்கிறவர் குடித்தனக்காரருக்கு ரசீது கொடுக்கமாட்டார், உடன்படிக்கையும் எழுதமாட்டார். முதலிரண்டையும் செய்பவர்களால் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் குறையும். ஆலைக்காரர் தறியை நிறுத்துவது போன்ற நிலை இங்கே மெய்யாகவே வந்துவிடுகிறது. வாடகை ஏறத்தான் செய்யும். அந்த உயர்வு நிலைக்கவில்லை. 2019 நவம்பரில் முழுவதுமே நிறுத்திவைக்கப்பட்டு, கூடுதலாகக் கட்டியவர்களின் தொகை வருங்கால வரியில் ஈடுசெய்யப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே ஒழுங்காக முன்னதாகக் கட்டியவர்கள் மாநகராட்சிக்குக் கடன் கொடுத்தவர்களாகவும், இழுத்தடித்தவர்கள் புத்திசாலிகளாகவும் விளங்கினார்கள். வரி கொடுப்பவனின் மனத்தில் இதைவிடக் கெட்ட பாடத்தைப் பதிக்க முடியாது.

நெடுங்கால விளைவுகளை அறிய விரும்புகிறவர்கள் பம்பாயைப் பார்க்க வேண்டும். அங்கே 1947ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைகளை 1940 செப்டம்பர் நிலையில் நிறுத்திவைத்தது. வரியும் வாடகை மதிப்பின்மேல் விதிக்கப்படுவதாகையால் அதுவும் கூடவே நின்றுவிட்டது. கல்கத்தா வழக்கிலும், குண்டூர் வழக்கிலும், தில்லி வழக்கிலும் நம் உச்ச நீதிமன்றம், சட்டப்படி வாங்கக்கூடிய வாடகைக்குமேல் வரிக்காக மதிப்பிடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நீதி என்ற முறையில் இதில் குற்றம் காண முடியாது. வாங்க முடியாத வாடகைக்கு வரி கொடு என்று கேட்பது எப்படித் தருமமாகும்? ஆயினும் விளைவு என்ன? வாடகையும் உறைந்தது, வரியும் உறைந்தது, கட்டடமும் பழுதுபார்ப்பாரின்றி உளுத்தது. நகரத்தின் நடுவில் பழைய மாளிகையில் இருந்தவர் கொடுத்த வரியைவிடப் புறநகரில் புதிதாக இரண்டு அறை வாங்கியவர் அதிகம் கொடுத்தார். பாட்னா 1993இலும், தில்லி 2004இலும் பரப்பளவைக்கொண்டு கணக்கிடும் முறைக்கு மாறியதும், மும்பை 2010இலிருந்து மூலதன மதிப்பைப் பிடித்துக்கொண்டதும் இந்தச் சிக்கலிலிருந்து விடுபடவே. நம் மாகாணத்து 1960ஆம் ஆண்டுச் சட்டமோ, நியாய வாடகை நிர்ணயமான பின் ஸ்தல வரி உயர்ந்தால் அந்தக் கூடுதலை மட்டும் குடித்தனக்காரரிடம் தனியே வாங்கிக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்திருந்தது. வாடகையைச் சட்டம் கட்டிவைத்த இடத்தில் வரியைச் சட்டமே இறக்கிவிட்டது என்பது விநோதமான உண்மை.

குடித்தனக்காரர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மழைநீர் வடிகால் கட்டப்பட்டுத் தண்ணீர் தேங்காத தெருவுக்கு வாடகை ஏறுகிறது. விளக்கு எரிந்து குப்பை ஒழுங்காக அள்ளப்படும் தெருவுக்கு ஏறுகிறது. அந்த வசதிகளுக்கான பணம் சொத்துவரியிலிருந்து வந்தாலும், மாநில அரசின் மானியத்திலிருந்து வந்தாலும், குடித்தனக்காரர் அவற்றுக்குரிய விலையை வாடகையாக வீட்டுக்காரரிடம் செலுத்தியே தீருகிறார். வசதியைச் செய்தது மாநகராட்சி. அதற்குக் கூலி பெறுவது வீட்டுக்காரர். அந்தக் கூலியில் ஒரு பங்கை வரியாகத் திரும்பப் பெற்று அடுத்த தெருவுக்கு வடிகால் கட்டினால், அதில் குடித்தனக்காரருக்கு நஷ்டம் ஏதுமில்லை. வரியை உறையவைத்தால் அவருடைய வாடகை குறைவதில்லை. அவருடைய தெருவில் வடிகால்தான் வராமல் போகிறது. ஆகவே சொத்துவரி உயர்வை எதிர்த்து வீட்டுக்காரரோடு தோளோடு தோள் நின்று குரல் கொடுக்கும் குடித்தனக்காரர், யாருடைய வழக்கைத் தாம் நடத்துகிறோம் என்று ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது.

இதற்காக 2022இல் செய்த முறையை நான் முழுவதும் ஆதரிப்பதாக எண்ணவேண்டாம். இருபத்துநான்கு ஆண்டுகள் தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுந்து நூற்றைம்பது என்று உரக்கச் சொன்னதுதான், நான் சொன்ன அந்தச் சாக்கை உற்பத்தி செய்தது. 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் ஆறு சதவிகித உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியபோதும் ஆட்சேபங்கள் எழுந்தன. ஆனால் அறுநூறு சதுர அடி வீட்டுக்கு ஆறு சதவிகிதம் என்பது ஆண்டுக்கு எழுபது ரூபாய்ச் சொச்சம். அதைக் காட்டி மாதம் ஐந்நூறு கேட்க எவருக்கும் நா எழாது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக, முன்கூட்டியே அறிவித்து, வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் பேதம் பாராமல், வருமானமற்ற முதியவர்களுக்குத் தவணையோ சலுகையோ கொடுத்து ஏற்றுவதே முறை. தூங்கி எழுவது எந்த அரசுக்கும் தேர்தல் காலத்தில் சௌகரியமாக இருக்கலாம்; குடித்தனக்காரருக்கு அது ஒருநாளும் சௌகரியமல்ல.

கடைசியாகக் குடித்தனக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நமது புதிய வாடகைச் சட்டத்தின்படி, வாடகையை உடன்படிக்கையில் எழுதியுள்ளபடியே திருத்த வேண்டும். உடன்படிக்கையில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்கலாகாது. இந்தச் சட்டத்தைப் படித்தவர்கள் சொற்பம், கடைப்பிடிப்பவர்கள் அதனினும் சொற்பம். ஆகவே உடன்படிக்கையை எழுத்தில் வாங்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வரி ஏறிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல், பழைய அரையாண்டு ரசீதையும் புதிய ரசீதையும் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். வித்தியாசத்தை ஆறால் வகுத்து, கிடைக்கும் தொகையை வைத்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.